சத்தம் நின்ற கம்ப்யூட்டர்

சபாபதி மாமா என் அக்காவின் புருஷன். சிதம்பரத்துக்காரர். கல்யாண வீடியோ எடுத்துப் பிழைக்கக் கடலூர் முதுநகருக்கு வந்தவர். நல்ல மனுஷன்தான், ஆனால் ஒன்றைப் பிடித்துவிட்டால் யார் சொன்னாலும் காதில் ஏறாது. திரையும் உடம்பும் ஒன்றாக இருக்கிற அந்த வெளிநாட்டுக் கம்ப்யூட்டரை அப்படித்தான் செகண்ட் ஹேண்டில் வாங்கினார்.

உள்ளேயிருந்த ஹார்ட் டிஸ்க் போனதும் வம்பு ஆரம்பித்தது. அதே கம்பெனி டிஸ்க் கிடைக்காமல் வேறு கம்பெனியுடையதை வாங்கிப் போட்டார். எடிட்டிங் நன்றாக ஓடியது. விசிறி மட்டும் பேய் பிடித்த மாதிரி சுற்றியது. தன் கம்பெனி டிஸ்க் என்றால்தான் அதன் சூடு அந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரியுமாம். வேறு டிஸ்க் என்றால் சூடு தெரியாது. எதற்கு வம்பு என்று விசிறியை முழு வேகத்தில் விட்டுவிடும்.

அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் தேவனாம்பட்டினத்து மோகனப்பிரியா, மாமா எடுத்த தன் கல்யாணப் படங்களில் ஆல்பத்துக்கானதைப் பொறுக்க ஸ்டுடியோவுக்கு வந்தாள். இது என்ன சத்தம் என்று கேட்டவளுக்கு மாமா விளக்கமெல்லாம் சொன்னார்.

பாஸ்போர்ட் போட்டோவுக்கு வந்தவர்கள் மாவு மில் வைத்திருக்கிறீர்களா என்று கேலி பேச, மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. நெட்டில் எவனோ சொன்னதைப் பார்த்து, சூடு பார்க்கிற ஒயரின் இரண்டு முனைகளையும் சேர்த்து ஒட்டினார். சூடே இல்லை என்று கம்ப்யூட்டர் ஏமாந்து, விசிறி அடங்கியது. சத்தம்தானே மாமா குறைந்தது, சூடு குறையவில்லையே என்றேன். போய் உன் செல்போன் கடையைப் பாரு என்று விரட்டினார்.

சித்திரையில் மோகனப்பிரியாவின் அப்பா பூவராகன் மீன் பிடிக்கப் போன பைபர் போட் முகத்துவாரத்தில் கவிழ்ந்தது. உடல் கிடைக்கவில்லை. காரியம் முடிந்ததும் அவள் வந்தாள்.

"கல்யாண வீடியோ மொத்தமும் இப்ப முடிக்க வேணாண்ணே. அப்பா மைக் புடிச்சிப் பேசுனாரே, அது மட்டும் போதும். அவுரு போன்ல கூடப் பேச மாட்டாரு. அவுரு கொரலு வேற எதுலயும் இல்ல."

நாளைக்குத் தருகிறேன் என்றார் மாமா. மறுநாள் தகரக் கூரைக்குக் கீழே, அந்த வெயிலில், டிஸ்க் டக் டக்கென்று அடித்துக்கொண்டு நின்றுவிட்டது. கேமரா கார்டுகளை அவர் எப்போதோ அழித்து அடுத்த கல்யாணத்துக்குப் போட்டிருந்தார். இன்னொரு காப்பி எடுத்து வைக்கவில்லை. பாண்டிச்சேரியில் டிஸ்க்கைப் பிரித்துப் பார்த்தவர்கள், உள்தட்டே கீறிப்போச்சு, ஒன்றும் எடுக்க முடியாது என்று கையை விரித்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அவர் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன்.

மறுபடி வந்தவளிடம் மாமா எதையும் மறைக்கவில்லை. ஒயரை ஒட்டியதையும் சொன்னார். அவள் அழுவாள், ஏசுவாள் என்று பயந்துபோய் நின்றேன். அவள் அந்தக் கம்ப்யூட்டரைக் கை காட்டினாள்.

"சூட்டுக்குத்தான் கத்துதுன்னு நீங்கதானண்ணே அன்னிக்கு எனக்குச் சொன்னீங்க. அப்புறம் ஏன் அத அடக்குனீங்க?"

அச்சாகி வந்திருந்த ஆல்பத்தை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அவள் புரட்டிக்கொண்டே போய் ஒரு பக்கத்தில் கையை நிறுத்தினாள். அதில் பூவராகன் மைக்கைப் பிடித்தபடி, வாயைத் திறந்து, மகளைப் பார்த்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.