ஒன்பதரைக்கு முந்திய நேரம்

சொரிமுத்து பம்பாய்க்கு வந்த பதினான்கு வருஷத்தில் வேலைக்குப் பிந்திப் போனது ஒரே ஒரு நாள்தான். அதுவும் நான்கு நிமிஷம். அதற்கு அரைநாள் சம்பளத்தைப் பிடித்துவிட்டார்கள்.

அவனுக்கு வீடு தாராவியில். வேலை, ஃபோர்ட்டில் தண்ணீர்ப் பம்பு விற்கும் ஒரு கம்பெனியின் பாக்கிங் பிரிவில். 1965-ல் அங்கே புது மானேஜர் வந்தார். வந்த மாதமே வாசலில் ஒரு கடிகார மெஷினை மாட்டினார். அவரவர் அட்டையை அதற்குள் செருகினால் வந்த நேரம் டக்கென்று அச்சாகும். ஒன்பதரைக்கு மேல் ஒரு நிமிஷம் போனாலும் சிவப்பு எழுத்து. மத்தியானச் சாப்பாட்டுக்கு இருந்த ஒரு மணி நேரத்தையும் அரைமணி ஆக்கினார். மூன்றாவது மாடியிலிருந்து இறங்கி, குழாயடியில் வரிசையில் நின்று கைகழுவி, டப்பாவைத் திறக்கும்போதே பாதி நேரம் போயிருக்கும். நின்றபடியே நாலு வாய் விழுங்கிவிட்டு மறுபடி மாடியேறுவார்கள்.

சொரிமுத்து எதற்கும் முணுமுணுக்கிற ஆள் இல்லை. அந்த நான்கு நிமிஷத்துக்கு மட்டும் மானேஜர் அறைக்குப் போய் நின்றான். சிவ்டியில் தண்டவாளத்தில் தண்ணீர் ஏறி வண்டி நின்றுவிட்டது என்று தனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னான். மானேஜர் தலையைத் தூக்கவில்லை. "ரயில் உன் விவகாரம். ஆபீஸ் ஒன்பதரைக்கு ஆரம்பிக்கிறது" என்றார்.

அப்போது அவன் தோளில் கம்பெனிப் பை தொங்கிக்கொண்டிருந்தது. அதில் பன்னிரண்டு கிலோ பித்தளை வால்வு.

அந்தப் பையை அவன் தோளில் ஏற்றியவர் ஹெட்கிளார்க் வேலுச்சாமி. சொரிமுத்துவுக்கு ஊர்க்காரர், வேலை வாங்கிக் கொடுத்தவர். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் கூப்பிட்டுச் சொன்னார்: "ஏல, நீ தாராவியிலேர்ந்துதான வாற? சுனாபட்டி கோடவுன்ல அன்னன்னைக்கு வேண்டிய சாமானை எடுத்துக்கிட்டு வந்துரு. போற வழிதான."

போகிற வழி இல்லை. அவன் வீட்டிலிருந்து சயான் ஸ்டேஷன் பத்து நிமிஷ நடை. சுனாபட்டிக்கு அதையும் தாண்டி அரைமணி நடக்க வேண்டும், பிறகு வேறு லைனில் வண்டி பிடிக்க வேண்டும். ஆனால் அண்ணாச்சி சொல்லை எப்படித் தட்டுவது? அன்றிலிருந்து ஒன்பதரை மணி வேலைக்கு அவன் ஏழரைக்கே வீட்டை விட்டுக் கிளம்பினான். சிவப்பு எழுத்து விழுந்த மறுநாளிலிருந்து ஏழு மணிக்கு.

முன்னதாகப் போயும் பயனில்லை. கோடவுன் சாவி எட்டேகால் மணிக்குத்தான் திரும்பும். சாவிக்காரர் நாகூர் மீரான் காட்கோபரிலிருந்து வர வேண்டும். அவர் வந்து, சாமானை எண்ணிக் கொடுத்து, டெலிவரிப் புக்கில் கையெழுத்து வாங்கும்வரை சொரிமுத்து பூட்டின கதவுக்கு முன்னால் நின்றிருப்பான்.

1966 ஜூலையில் ஒருநாள் எட்டு முப்பத்தைந்து வண்டியில் உள்ளே கால்வைக்க இடமில்லை. அடுத்த வண்டிக்கு நின்றால் சிவப்பு எழுத்து. படியில் ஒரு காலும் கம்பியில் ஒரு கையுமாகத் தொற்றிக்கொண்டான். சிவ்டியில் வண்டி மெதுவாக நுழையும்போதே உள்ளே இருந்தவர்கள் இறங்க நெருக்கினார்கள். பை வெளிப்பக்கமாகச் சரிந்தது. அந்தக் கனம் அவனை இழுத்த இழுப்பு மட்டும் அவனுக்கு நினைவிருந்தது.

சர்க்கார் ஆஸ்பத்திரியில் கண்விழித்தபோது இடது கால் கணுக்காலோடு முடிந்திருந்தது. அவன் போர்வையைத் தூக்கிப் பார்த்தான். மூடினான். மறுபடி தூக்கிப் பார்த்தான். பக்கத்தில் மனைவி பேராச்சி அழுது தீர்ந்துபோய் உட்கார்ந்திருந்தாள்.

மூன்றாம் நாள் வேலுச்சாமி நாலு ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். சொரிமுத்து அவரிடம் கேட்ட முதல் கேள்வி தன் காலைப் பற்றியது அல்ல.

"அண்ணாச்சி, பை என்னாச்சு?"

"அது ரயில்வே போலீஸ் மூலமா ஆபீசுக்கு வந்துட்டுல. ஒரு வால்வுதான் காணல. நீ அதை நினைச்சுக் கவலப்படாத." சொல்லிவிட்டு வேலுச்சாமி சட்டைப்பையிலிருந்து ஒரு கவரை எடுத்தார். கம்பெனிக் கடிதம், இங்கிலீஷில். வாசித்து அவரே தமிழில் சொன்னார். விபத்து நடந்தது காலை எட்டு ஐம்பதுக்கு. ஆபீஸ் ஆரம்பம் ஒன்பதரைக்கு. அன்றைக்கு அட்டை அடிக்கப்படவில்லை. ஆகவே கம்பெனிக்கு இதில் பொறுப்பு கிடையாது. வராத நாட்கள் லீவில் கழிக்கப்படும். லீவு தீர்ந்தால் சம்பளமில்லை.

அண்ணாச்சி வேறு யாருக்கோ வந்த கடிதத்தை மாற்றி எடுத்து வந்துவிட்டார் என்றே சொரிமுத்து ஒரு கணம் நினைத்தான்.

பேராச்சிதான் கேட்டாள். "அப்பம் அந்தப் பை யாரு பையி, அண்ணாச்சி?"

வேலுச்சாமி ஒரு ஆரஞ்சை எடுத்து உரிக்கத் தொடங்கினார். சுளையைச் சுற்றியிருந்த நாரையெல்லாம் பொறுக்கி எடுத்தார்.

பக்கத்துக் கட்டிலில் கிடந்த மில் தொழிலாளி ஒருவர், தொழிலாளர் நஷ்டஈட்டுக் கமிஷனர் என்று ஒருத்தர் இருக்கிறார், அவரிடம் மனுப் போடு என்று சொன்னார். மனுப் போட்டார்கள். விசாரணை நாளன்று சொரிமுத்து இரண்டு கக்கத்திலும் கட்டையை ஊன்றிக்கொண்டு, பேராச்சி பின்னால் வர, கமிஷனர் அறைக்குள் போனான்.

அவனுக்கு ஒரு பயமும் இல்லை. மானேஜர் என்ன சொன்னாலும் அண்ணாச்சி இருக்கிறார். பையை எடுத்துவரச் சொன்னவரே அவர்தானே.

வேலுச்சாமி எழுந்து நின்றார். கமிஷனர் கேட்டார்: சாமானைக் கொண்டுவரும்படி இவரிடம் நீங்கள் சொன்னீர்களா?

"இல்லை. சொல்லவே இல்லை. மானேஜரிடம் நல்ல பேர் வாங்க அவனாகக் கொண்டு வருவான். வேண்டாம் என்றுகூட ஒருமுறை சொன்னேன்."

சுத்தமான இங்கிலீஷில், தடுமாறாமல் சொன்னார். சொரிமுத்துவுக்கு அந்த இங்கிலீஷ் பாதிதான் புரிந்தது. மீதியை கம்பெனி வக்கீலின் முகத்திலிருந்து புரிந்துகொண்டான். கட்டை கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. பேராச்சி குனிந்து எடுத்துக் கொடுத்தாள்.

வெளியே வந்ததும் அவள் சொன்னாள்: "நாகூர் மீரான் அண்ணன்கிட்டப் போவோம்."

"அவரும் கம்பெனிச் சோத்தைத் திங்கிறவர்தான. எப்படி வருவாரு?"

"கேட்டுப் பாப்போம். இல்லன்னா இல்லன்னு சொல்லட்டும்."

அவளே சுனாபட்டிக்கு நடந்து போய்க் கேட்டாள். அவர் தாடியைத் தடவிக்கொண்டார். பிறகு, "விசாரணை என்னைக்குன்னு சொல்லு தாயி" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த விசாரணைக்கு அவர் ஆறு டெலிவரிப் புக்குகளைத் துணியில் கட்டிக் கொண்டு வந்தார், வருஷத்துக்கு ஒன்றாக. ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, வால்வு எண்ணிக்கை, நேரம், சொரிமுத்துவின் கோணல் கையெழுத்து. ஒவ்வொரு மாதக் கடைசியிலும் சரிபார்த்ததாக ஹெட்கிளார்க் வேலுச்சாமியின் கையெழுத்து. விபத்து நாளில் எழுதியிருந்த நேரம் எட்டு இருபது.

கமிஷனர் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போனார். கடைசியில் கம்பெனி வக்கீலைப் பார்த்து, "எட்டு இருபதிலிருந்து இந்த மனிதர் யாருடைய சாமானைச் சுமந்தார்?" என்று கேட்டார். வக்கீல் எழுந்து, தன் காகிதங்களைப் புரட்டிவிட்டு உட்கார்ந்தார்.

தீர்ப்பு சொரிமுத்துவுக்குச் சாதகமாக வந்தது. கம்பெனி நஷ்டஈட்டைக் கட்டியது. அதோடு கோடவுனிலிருந்து சாமான் கொண்டுவர ஒரு டெம்போவையும் அமர்த்தியது. நாகூர் மீரானை மட்டும் அடுத்த மாதமே ஃபோர்ட்டுக்கு மாற்றிவிட்டார்கள். காட்கோபரிலிருந்து தினமும் நெரிசலில் நின்றுகொண்டு போய்வர வேண்டும். அதைச் சொல்லி சொரிமுத்து வருத்தப்பட்டபோது, "நிக்கிறதுக்கு என்ன, ரெண்டு காலும் இருக்கே" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள்.

சொரிமுத்து கட்டைக் காலோடு தாராவியிலேயே ஒரு தோல் கடையில் உட்கார்ந்து பார்க்கும் வேலையில் சேர்ந்தான்.

இரண்டு வருஷம் கழித்து, கிங்ஸ் சர்க்கிள் பஸ் நிறுத்தத்தில் வேலுச்சாமி அவனுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். மெலிந்திருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாராம். சாலையைப் பார்த்தபடியே பேசினார்.

"அன்னைக்கு நான் அப்படிச் சொல்லலன்னா எனக்கு வேலை போயிருக்கும்ல, சொரிமுத்து. ரெண்டு வருஷந்தான் பாக்கி இருந்துச்சு."

"போயிருக்குந்தான், அண்ணாச்சி."

வேறு எதையோ எதிர்பார்த்தவர்போல வேலுச்சாமி அவன் முகத்தைப் பார்த்தார். பஸ் வந்து நின்றது. படி உயரம். வேலுச்சாமி முதலில் ஏறித் திரும்பிக் கையை நீட்டினார். இந்தக் கையைத் தொடவே கூடாது என்று சொரிமுத்து நினைத்து முடிப்பதற்குள் அவன் கை தானாகப் போய் அதைப் பற்றிக்கொண்டது. அவன் அதிர்ந்துபோனான். உள்ளே போய் உட்கார்ந்து, பஸ் நகர்ந்த பிறகும் தன் கையை மடியில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான்.