வீடு திரும்பிய குதிரை

என் மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். சாப்பிட உட்கார்ந்தால் தண்ணீருக்கு ஒரு தடவை, ஜன்னலுக்கு ஒரு தடவை எழுந்துவிடுவார். அவருக்குப் போய் சதுரங்கப் பைத்தியம். ஒரு காயை நகர்த்திவிட்டு மற்ற பலகைகளையெல்லாம் சுற்றி வருவார். எதிராளி ஆடியதும் ஓடி வருவார்.

அன்றைக்கு லீக்கின் கடைசி ஆட்டம்; நானும் மகளும் பார்க்கப் போயிருந்தோம். அவர் தோற்காமலிருந்தால் அவருடைய கிளப் மேல் பிரிவிலேயே நீடிக்கும். கேப்டனான பல் டாக்டர் கதவருகிலேயே பிடித்துக்கொண்டார்.

"டிரா போதும். உங்க பழைய தொடக்க நகர்வுகளையே ஆடுங்க. தோத்தீங்கன்னா அடுத்த வருஷம் டீமுல நீங்க இல்ல."

"கண்ணை மூடிக்கிட்டே ஆடுவேன் சார்."

அதுதான் வினையாகப் போயிற்று.

எதிரே ஒரு கணக்கு டீச்சர். மூன்றாவது நகர்விலேயே அந்தம்மாவின் குதிரை இவருடைய சிப்பாயை வெட்டியது. மாப்பிள்ளை அப்போது ஹால் கடைசியில். முதலில் ஒரு சிப்பாயைத் தள்ளி அந்தக் குதிரையைத் துரத்த வேண்டும்; அப்புறம்தான் இவர் குதிரை போய் அந்தம்மாவின் சிப்பாயை எடுக்கலாம். ஓடி வந்த வேகத்தில், துரத்தியாகிவிட்டது என்று நினைத்துத் தன் குதிரையைத் தொட்டுவிட்டார். தொட்டால் அதைத்தான் நகர்த்த வேண்டும், மன்னிப்பே கிடையாது.

மெதுவாக உட்கார்ந்தார். மேசைக்கடியில் கால் தையல் மிஷின் மாதிரி அடித்துக்கொண்டது. சிப்பாயை வெட்டினால் டீச்சரின் ராணி வந்து குதிரையை மடக்கிவிடுமாம். இதெல்லாம் பிறகு அவர் விளக்கியது. அப்போது நான் கண்டது அவர் காது சிவந்ததைத்தான்.

குதிரையைத் தூக்கி, புறப்பட்ட கட்டத்திலேயே திரும்ப வைத்தார்.

"என்னம்மா இவரு, ஆட்டத்தை மறுபடி ஆரம்பிக்கிறாரா?" என்றாள் என் மகள்.

"சும்மா இருடி. மனசுல ஏதாவது யோசனை இருக்கும்."

யோசனை ஒன்றுமில்லை. ஆனால் டீச்சரும் என்னை மாதிரியே நினைத்துவிட்டாள். ஒரு சிப்பாயைச் சும்மா கொடுத்துக் குதிரையையும் வீட்டுக்கு அனுப்புகிறான் என்றால் உள்ளே பொறி இருக்கிறது என்று கன்னத்தில் கை வைத்துவிட்டாள். மாப்பிள்ளையோ பயத்தில் நாற்காலியை விட்டு எழவேயில்லை. நடக்கிற மனிதர் நடக்காமலிருந்தது அவளை இன்னும் கலக்கியது. இல்லாத பொறியைத் தேடித் தேடி அவள் கடிகாரத்தில் நேரம் தீர்ந்துகொண்டே வந்தது; முழுதும் தீர்ந்தால் தோல்விதான்.

கடைசியில் ஒரு சிப்பாய் கூடுதலாக வைத்துக்கொண்டே, "டிரா வெச்சுக்கலாமா சார்?" என்றாள். கேள்வி முடிவதற்குள் மாப்பிள்ளை கையை நீட்டிவிட்டார்.

வெளியே வந்ததும், "அந்தக் குதிரை நகர்வு எந்தப் புத்தகத்துல இருக்கு?" என்று கேட்டாள் டீச்சர்.

"இன்னும் அச்சாகலைங்க."

பல் டாக்டர் சிரிக்கவில்லை. "அடுத்த வருஷமும் டீமுல இருக்கீங்க," என்றார். "ஆனா வேற தொடக்கம் கத்துக்கிட்டு வாங்க. இது உங்களுக்கு ரொம்பத் தெரிஞ்சுபோச்சு."