காது பொத்திய படம்

ஆட்டிசம் உள்ளவர்களின் வீடுகளுக்குப் போய்ப் பயிற்சி தருவதும், எது பலித்தது என்று ஆராய்வதும் என் வேலை. ராத்திரி முழுக்க யோசித்துப் போட்ட திட்டம் வாசலிலேயே கவிழ்ந்துவிடும் என்பதைப் பிள்ளை வளர்த்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

யார் வீடு?

மீனாட்சிபுரத்தில் மாடு வைத்துப் பிழைக்கும் குடும்பம். மகள் மேகலாவுக்குப் பதினான்கு வயது, பேச்சு வரவில்லை. பேச வராதவர்கள் ஒரு படத்தை எடுத்துக் கொடுத்துத் தேவையைச் சொல்லலாம். அதற்காக ஆபீசில் கொடுத்த பட அட்டைகளைக் கடை பரப்பினேன். மேகலா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அம்மா ஈஸ்வரிதான் ‘வீடு’ அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் கூரைமேல் பனி, பக்கத்தில் புகைபோக்கி.

“ஏனுங்க டீச்சர், இது ஆரு ஊடுங்க? எங்க சொந்தத்துல இப்பிடிக் கட்டுனவீங்க ஆருமில்லீங்களே!”

பால் வண்டி

அந்த அட்டைகளைக் கட்டி வைத்துவிட்டு, அவர்கள் வீட்டு டம்ளர், கட்டில், கன்றுக்குட்டி எல்லாவற்றையும் போட்டோ எடுத்துப் புது அட்டைகள் செய்தோம். காலை நேரங்களில் மேகலா தலையைச் சுவரில் மோதிக்கொள்வாள். பசி என்பார் அம்மா. தலைவலி என்பார் அப்பா நடராஜன். அதனால் ‘பசி’, ‘வலி’, காதைப் பொத்திய படத்தோடு ‘சத்தம்’, எதையாவது நிறுத்தச் சொல்ல ‘போதும்’ என்றும் அட்டைகள் சேர்த்தோம். வாரக்கணக்கில் அவள் எதையும் தொடவில்லை. “விட்டுருங்க டீச்சர், அது தலையெழுத்து” என்று நடராஜன் எழுந்து போய்விட்டார்.

ஒரு காலை, நான் இருக்கும்போதே தெருவில் பால் வண்டி ஹாரன் அடித்தது. எங்களுக்கெல்லாம் பழகிப்போன சத்தம். மேகலா சுவரை நோக்கிப் போனாள். நின்றாள். திரும்பி வந்து ‘சத்தம்’ அட்டையை உருவி அம்மா கையில் திணித்து, அவரை வாசலுக்கு இழுத்தாள்! ஹாரன்தான்! இத்தனை நாளும் அதுதான்! ஈஸ்வரி அட்டையோடு வண்டிக்கு ஓட, நானும் செருப்பில்லாமல் பின்னால் ஓடினேன். விஷயத்தைக் கேட்ட டிரைவர் ஹாரனிலிருந்து சட்டென்று கையை எடுத்தார்.

“புள்ளைக்கு ஆகாதுன்னு ஒரு வார்த்தை தெரிஞ்சிருந்தா அடிச்சே இருக்க மாட்டேனுங்களே!”

போதும்

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆபீசுக்குப் போன் போட்டுக் கத்தினேன். நடந்ததை ஈஸ்வரியிடமே மறுபடி சொன்னேன், எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டாரிடமும் சொன்னேன், கைதட்டினேன். மேகலா என்னையே பார்த்தாள். பிறகு நிதானமாக இன்னோர் அட்டையை எடுத்து வந்து என் உள்ளங்கையில் வைத்தாள்: ‘போதும்’. நடராஜன் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

“டீச்சர், அம்முணி உங்களைத்தானுங்க சொல்லுது.”

வாயை மூடச் சொன்னதற்கு ஆனந்தக் கண்ணீர் வடிக்கும் உத்தியோகம் எங்களுடையது ஒன்றுதான்.