வியாழனுக்கு நான் போட்ட வட்டம்

சனி கிரகத்துக்கு நிலவு அதிகமா, வியாழனுக்கு அதிகமா என்பதில் என் சோறு தொங்கிக்கொண்டிருந்தது. சிரிக்காதீர்கள். கல்வராயன் மலையில் ஒரு சின்னப் பள்ளியில் எட்டு வருடமாகத் தற்காலிக அறிவியல் ஆசிரியை நான். தகுதித் தேர்வில் இந்த முறையும் தேறாவிட்டால் ஜூனிலிருந்து வர வேண்டாம் என்று தலைமையாசிரியர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

தேர்வில் அந்தக் கேள்வி வந்தது. அதிக நிலவுகள் கொண்ட கோள் எது? சனிதான், எனக்குத் தெரியும். புதிது புதிதாகக் கண்டுபிடித்து அதன் எண்ணிக்கை இருநூற்றைத் தாண்டிவிட்டது என்று வகுப்பில் குதித்துக் குதித்துச் சொன்னவளே நான்தான். ஆனால் நாலு முறை தோற்றவளுக்கு ஒரு வியாதி வந்துவிடும். சரியான விடையைப் போட மாட்டாள். கேள்வி எடுத்தவர் எதைச் சரி என்று நினைத்திருப்பார் என்று யோசிப்பாள். பழைய புத்தகத்தைப் பார்த்துத்தான் எடுத்திருப்பார் என்று நானாக முடிவுகட்டி, வியாழனுக்கு நேராக இருந்த வட்டத்தைக் கறுப்பாக்கினேன்.

உத்தேச விடைகள் வெளியாயின. சனி. தேறுவதற்கு எனக்கு ஒரு மதிப்பெண் குறைவு. ஏசப்பா, ஒன்றே ஒன்று!

ஆட்சேபம் தெரிவிக்கக் கடைசி நாள் மாலை ஐந்தரை வரை நேரம் இருந்தது. அன்று மதியம் கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் போய் நின்றேன். கடைக்காரர் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமலே பேசினார்.

“கைடுலாம் செல்லாது மேடம். கவர்மென்ட்டு பாடப் புக்குல வியாழன்னு போட்டிருக்கற பக்கம் வேணும். பழைய புக்கா இருந்தாலும் பரவால்ல. ஏத்துக்கினாங்கன்னா ரெண்டு பதிலுக்கும் மார்க்கு. ஆனா பக்கம் சுத்தமா இருக்கணும், பேனாவுல எதுனா எழுதியிருந்தா தள்ளிடுவாங்க. போட்டோ எடுத்து அனுப்புங்க, நான் ஏத்திடறேன்.”

பழைய பாடப் புத்தகம் எனக்குத் தெரிந்து எங்கள் பள்ளி அலமாரியில்தான் இருந்தது. மலைப் பிள்ளைகளுக்கு அதுதான் நூலகம். முப்பது பிரதிகளாவது இருக்கும். கோடை விடுமுறை என்பதால் சாவி என் பையிலேயே கிடந்தது. வெளியே காத்திருந்த கணவரின் பைக்கில் ஏறினேன்.

கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும்போது, பொய்க்குச் சாட்சி தேடிப் போகிறாயே என்று உள்ளே உறுத்தியது. உறுத்தட்டும்! வெட்கத்தை வைத்துக்கொண்டு உலை வைக்க முடியுமா? வேறு நட்சத்திரங்களைச் சுற்றும் கோள்களுக்குக்கூட நிலவு உண்டா என்று எங்கேயோ உட்கார்ந்து தேடுகிறார்களாம். எனக்கு ஒரு மார்க் தேடித் தர ஆளில்லை. சனிக்கு இன்றைக்கு ஒரு நாள் மட்டும் நிலவு குறையக் கூடாதா என்று பின்னால் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

“அழுதுக்கினே வந்தா இன்னா ஆவும்? கெட்டியா புடிச்சிக்க,” என்றார் அவர்.

பள்ளியைத் திறந்தபோது மணி நாலே முக்கால். முதல் புத்தகத்தை உருவிப் பக்கத்தைப் புரட்டினேன். அதிக நிலவுகள் கொண்ட கோள் என்ற வரியில் வியாழனைச் சிவப்பு மையால் அடித்து, மேலே சனி என்று எழுதியிருந்தது. அடுத்ததிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும்.

கணவர் தரையில் குந்தி ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். “எந்த லூசு எல்லாத்தையும் இப்டி கிறுக்கி வெச்சிருக்குது?”

எழுத்து என்னுடையது. பிள்ளைகள் தப்பாகப் படித்துவிடக் கூடாதே என்று, போன வருடம் ஒரு விடுமுறை நாள் முழுக்க உட்கார்ந்து நானே திருத்தியது. அதை அவரிடம் சொன்னேன்.

அவர் அடுத்த புத்தகத்தையும் எடுத்துப் பிரித்துப் பார்த்தார். பிறகு கேட்டார்: “ஒண்ணுத்தயாச்சும் மறந்து வுட்டிருக்கக் கூடாதா நீ?”

நான் மறக்கவில்லை. கடைசிப் புத்தகம் வரைக்கும் பார்த்துவிட்டோம்.