தவநாயகம் அண்ணையின் வெறுங்கை

அன்புவழிபுரத்தில் என் பக்கத்து வீட்டுத் தவநாயகம் அண்ணை, லாஸ் வேகஸ் சூதாட்ட மண்டபமொன்றில் இருபத்தாறு வருசம் சீட்டுப் பகிர்ந்தவர். போன வருசம்தான் மனைவி கமலேஸ்வரி அக்காவிடம் திரும்பி வந்தார்.

எங்கட சனத்துக்கு விசர். கண்டவுடனே, "எவ்வளவு வெண்டனீங்கள்?" என்றுதான் கேட்கும். அவர் ஒருநாளும் விளையாடினதில்லை.

"வேகஸ் முந்தி ரயில் தண்ணி பிடிக்க நிண்ட பாலைவனம். பிறகு அணை கட்ட வந்த கூலியாக்களின்ர காசை வாங்க மேசை போட்டவங்கள். அந்த வெளிச்சம் எல்லாம் தோத்தவங்களின்ர காசு," என்று அலுப்போடு சொல்லுவார்.

அங்கே சீட்டு மேசையை விட்டு விலகும் ஒவ்வொரு தடவையும் அவர் கைகளைத் தட்டி, விரித்து, முகட்டிலுள்ள கமராவுக்குக் காட்டவேணுமாம். ஒன்றும் எடுக்கவில்லை என்று அர்த்தம். இங்கே வந்த பிறகும், சாப்பிட்டு எழும்பினால் கை தானாக அதைச் செய்யும்.

"இஞ்ச ஆருக்குக் காட்டுறீங்கள்?" என்று அக்கா ஏசுவா.

போன கிழமை அக்கா செத்துப்போனா. வாய்க்கரிசி போட்டுவிட்டு நிமிர்ந்த அண்ணை, கைகளைத் தட்டி, விரித்து, மேலே காட்டினார். அங்கே பந்தல் தறப்பாள் மட்டும்தான் இருந்தது. ஏச வேண்டிய அக்கா பேசாமல் படுத்திருந்தா.