பதினான்காம் அறைக்கு இரண்டு குடும்பம்

குற்றாலத்தில் நான் வேலை பார்த்த லாட்ஜின் பதினான்காம் அறைக் கதவு இன்னும் என் கண் முன்னால் இருக்கிறது. ஆடி மாதம், நல்ல சாரல். சுரண்டையில் இருந்து வந்த ஒரு குடும்பம் பெட்டி, பாய், தூக்குவாளி, நான்கு பிள்ளைகள் சகிதம் கதவைத் தட்டுகிறது. உள்ளேயிருந்து இடுப்பில் துண்டோடு, உடம்பெல்லாம் எண்ணெய் வழிய ஒருவர் எட்டிப் பார்க்கிறார்.

"ஏ அண்ணாச்சி, இது எங்க ரூம்லா?"

"யாரு ரூமு? நான் எண்ணெ தேச்சாச்சி. இனி அருவிக்குத்தான் போவேன், ரோட்டுக்குப் போவ மாட்டேன்."

இரண்டு பேர் கையிலும் சீட்டு. இரண்டிலும் பதினான்கு. அந்த வாரத்தில் இது மூன்றாவது முறை. சுரண்டைக்காரருக்குச் சீட்டு கொடுத்தது என் மதினி. எண்ணெய்க்காரருக்குக் கொடுத்தது அடுத்த கவுண்டரில் இருந்த முதலாளியின் மருமகன். முதலாளி கீழே வந்தார். மருமகனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஈரத் துண்டும் சீயக்காய் வாசனையுமாக வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் மதினியைப் பார்த்து, "எவன்ட்ட எவ்வளவு வாங்கிட்டு இந்த வேல பாக்க? எந்திரிச்சுப் போ" என்றார். அவள் எழுந்து, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, "நான் அடிச்சது இருபத்தேழு. ஒங்க மிஷினு பதினாலுன்னா நான் என்ன செய்ய?" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். அழவில்லை. நான்தான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

மதினி வடகரைக்காரி. எங்கள் அண்ணனைக் கட்டித் தென்காசிக்கு வந்தவள். டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ். எண்பதுகளில் லாட்ஜுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது அதைப் பராமரிக்க டிப்ளமா படித்த என்னை வைத்தார்கள். நான் சொல்லி அவளையும் எடுத்தார்கள். எங்கள் ஊர் சின்ன ஊர். திருடி என்று ஒரு முறை பேர் விழுந்தால் ஒரு ஜவுளிக்கடையில்கூட உட்கார விட மாட்டார்கள். அண்ணன் அன்றைக்கே "வேலைக்கு அனுப்புனதே தப்பு" என்று ஆரம்பித்துவிட்டான். எனக்கு அவன் மேலும் கோபம், முதலாளி மேலும் கோபம். மிஷினை விற்ற கம்பெனி மேல் எல்லாவற்றையும் விடக் கோபம். டிரங்க் கால் போட்டுக் கேட்டால், "ஆபரேட்டர் தப்பா அடிச்சிருப்பாங்க சார்" என்றான் ஒருத்தன். பார்க்காமலே சொன்னான். பார்க்காமல் சொல்கிறவனை எனக்கு இன்றும் பிடிக்காது.

ஒரு மிஷின், இரண்டு கவுண்டர், இரண்டு திரை. உள்ளே இருந்த செயலி, அதாவது ப்ராசஸர், ஒரு நேரத்தில் ஒரு கவுண்டரின் வேலையைத்தான் செய்யும். கண் இமைக்கும் நேரத்துக்குள் அதை நிறுத்தி அடுத்ததை ஓட்டும், மறுபடி மாற்றும். இப்படி நிறுத்தி ஓட்டுகிற மேஸ்திரி நிரலுக்குக் கெர்னல் என்று பெயர். செயலிக்குள் ரெஜிஸ்டர் என்று சின்னச் சின்ன அறைகள் சில உண்டு. ஓடுகிற வேலை தன் கையிலிருக்கும் எண்களை அவற்றில்தான் வைத்திருக்கும். அந்த அறைகள் எல்லோருக்கும் பொது. ஆகையால் ஒரு வேலையை நிறுத்தும்போது அதன் ரெஜிஸ்டர்களை எல்லாம் நினைவகத்தில் பத்திரமாக எடுத்து வைத்து, திரும்ப ஓட்டும்போது திரும்பக் கொடுக்க வேண்டியது கெர்னலின் கடமை.

மதினி அடித்த இருபத்தேழு எங்கே போகிறது என்று பார்க்க, நிறுத்திய வேலையின் ரெஜிஸ்டர்களைத் திரையில் காட்டும்படி கெர்னலுக்குள் ஒரு துண்டு நிரலை எழுதிச் சொருகினேன். காட்டியது. எந்தக் கவுண்டரை நிறுத்தினாலும் ஒரே எண்கள்தான் வந்தன. இருபத்தேழும் இல்லை, பதினான்கும் இல்லை. திரையை உடைக்கலாம் போல இருந்தது.

மறுநாள் மதினி, "வேலதான் போச்சு, சாரலுமா போச்சு? வா" என்று என்னை ஐந்தருவிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அருவிக்குக் குடும்பமாகப் போனால் துணி மூட்டைக்கு ஒருவர் காவல் இருக்க வேண்டும். மோதிரம், மூக்குக்கண்ணாடி, கடிகாரம் எல்லாம் அந்த மூட்டைக்குள்தான் இருக்கும். நான் பாறையில் உட்கார்ந்திருந்தேன். மதினி பெண்கள் பக்கமிருந்து நனைந்த தலையோடு வந்து கத்தினாள்.

"ஏ தம்பி, மணி என்ன? பஸ்ஸுக்கு நேரமாச்சா?"

என் கையைப் பார்த்துச் சொன்னேன்.

"ஒன் ஓட்ட வாட்ச யாரு கேட்டா? என் வாட்சு மூட்டைக்குள்ள கெடக்கும்லா, அத எடுத்துப் பாரு!"

மூட்டையை அவிழ்த்தேன். அவிழ்க்கும்போதே எனக்கு உறைத்தது. நான் எழுதிய துண்டு நிரல் ஓடும்போது செயலியில் ஓடிக்கொண்டிருப்பது கெர்னல். அப்போது ரெஜிஸ்டரில் இருப்பது கெர்னலின் எண்கள். நின்றுபோன வேலையின் எண்கள் அந்த வேலைக்கென்று எடுத்து வைத்த மூட்டையில், நினைவகத்தில் அதற்கென்று ஒதுக்கிய அடுக்கில் கிடக்கின்றன. நான் இத்தனை நேரமும் என் கையையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன். "என்ன முழிக்க? மணியச் சொல்லு" என்றாள். மணியைச் சொன்னேனா என்பது நினைவில்லை. நனைந்த சேலையோடேயே அவளை பஸ் ஏற்றினேன். வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள்.

நின்ற வேலையின் அடுக்கு எங்கே தொடங்குகிறது என்று கெர்னலின் அட்டவணையில் எடுத்து, அங்கிருந்து ஒவ்வொன்றாகப் படித்தேன். எல்லா ரெஜிஸ்டரும் வரிசையாக இருந்தன, ஒன்றைத் தவிர. அந்த ஒன்றைக் கம்பெனிக்காரன் எடுத்து வைக்கவே இல்லை. யாரும் உபயோகிக்க மாட்டார்கள் என்று நினைத்தானோ, மறந்தானோ. கவுண்டரில் அடிக்கிற லாட்ஜ் அறை எண் அதில்தான் இருந்தது. இரண்டு கவுண்டரிலும் ஒரே நேரத்தில் அடித்தால், ஒன்றின் எண் மற்றதற்குப் போய்விடும். கூட்டம் இருக்கும்போது மட்டும் ஏன் தப்பு வந்தது என்பதும் விளங்கியது.

மதினியின் திரையை உள்ளே மிஷின் அறைக்கு இழுத்து வைத்து, முதலாளியைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். மதினியும் வந்தாள். கடைசி விசை வரை அவள் இருபத்தேழு என்று அடித்தாள், அதே நேரத்தில் வெளியே கவுண்டரில் மருமகன் பதினான்கு என்று அடித்தான். பிறகு அவளைக் கையைத் தூக்கச் சொன்னேன். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றாள். மிஷின் அவள் வேலையை நிறுத்தும்போது அந்த ரெஜிஸ்டர் இருபத்தேழு காட்டியது. மறுபடி ஓட்டும்போது பதினான்கு காட்டியது. சீட்டிலும் பதினான்கு விழுந்தது. முதலாளி சீட்டைப் பார்த்தார், தூக்கிய கைகளைப் பார்த்தார்.

"இத மாத்த முடியுமாலே?" என்றார் என்னிடம்.

"ரெண்டு வரி. நிறுத்தும்போது எடுத்து வைக்க ஒண்ணு, ஓட்டும்போது திருப்பிக் குடுக்க ஒண்ணு."

இப்போது நான் பெங்களூரில் இருக்கிறேன். இன்றைக்கு நின்ற வேலையின் ரெஜிஸ்டர்களைக் கெர்னலிடம் கேட்க ஒரு வரி போதும்; எந்தப் பையனும் காபி குடித்துக்கொண்டே பார்த்துவிடுகிறான். நல்லதுதான். அது இவ்வளவு சுலபமானதில் எனக்கு உண்மையான சந்தோஷம். பார்க்காமல் பழி போட இனி ஒருவனுக்கும் சாக்கு இல்லை.

முதலாளி அன்று குரலைத் தாழ்த்தி, "சரிம்மா, நாளைலேர்ந்து வந்துரு" என்றார்.

மதினி கையை இறக்கினாள். "திருடின்னு கவுண்டர்ல வச்சுச் சொன்னிய. வான்னு மட்டும் இங்கன உள்ள வச்சா சொல்லுதிய?"

அவர் என்னைப் பார்த்தார். நான் மேலே சுற்றிய காற்றாடியைப் பார்த்தேன். மனிதர் எழுந்தார். பிறகு வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு வெளியே போனார். வரிசையில் நின்றவர்கள் அன்றைக்கு இருந்தவர்கள் இல்லை. ஆனால் சமையல்காரர், வாட்ச்மேன், மருமகன் எல்லாரும் இருந்தார்கள். "இந்தப் பிள்ள மேல தப்பு இல்ல. மிஷின்லதான் தப்பு. நாந்தான் வாய விட்டுட்டேன்" என்று சத்தமாகவே சொன்னார். எதற்குச் சொல்கிறார் என்று புரியாமல் வரிசையில் நின்ற ஒருவர், "அது கெடக்கட்டு அண்ணாச்சி, ரூம் இருக்கா?" என்றார்.

மதினி கவுண்டரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "எத்தன பேரு? பிள்ளைய உண்டா?" என்று அவரைக் கேட்டாள்.