‘ஏகமனதாக’ என்ற சொல்

“…அப்போ வாணாம்னு சொன்னதை எய்தறதுக்கு உங்க ஆபீஸ் தமிள்ல ஒரு வார்த்தைகூட இல்லியா, நைனா?”

கேட்டவர் ஆந்திர எல்லையை ஒட்டிய ஒரு சிறிய ஊராட்சியின் எழுத்தர். நாற்பது வயதைத் தொட்ட பெண்மணி. பதில் சொல்ல வேண்டியவன் நான். இன்னொரு ஊராட்சியின் எழுத்தர். ஒன்றிய அலுவலகத்துக்கு எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எங்கள் இருவருக்கும் நடுவில் அவர் ஊர்த் தீர்மானப் புத்தகம் விரிந்து கிடந்தது.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் இரும்புக் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. செவ்வாய்தோறும் ஊராட்சி எழுத்தர்கள் எல்லோரும் ஒன்றிய அலுவலகத்துக்கு வந்து வாரக் கணக்கை ஒப்பிக்க வேண்டும். மேலே கூட்டம் ஒரு மணி நேரம் என்றால் கீழே டீக்கடையில் மூன்று மணி நேரம். எங்களுக்குள் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, ஊர்ப்பெயர்தான் ஆள்பெயர். வருகைப் பட்டியலில் அந்த அம்மாவின் ஊர் கடைசியில் வரும். அதனால் அவர் ‘கடைசி ஊரு’ ஆகிவிட்டார். யாராவது கிண்டல் செய்தால், “ஆந்திராலேர்ந்து வந்து பாரு, நாந்தான் மொத ஊரு” என்பார். பஸ் கண்டக்டரும் அவருக்கு நைனா, நானும் நைனா.

நான் பத்தாவதுக்கு மேல் படிக்காதவன். ரெக்கார்டு ரூமில் கட்டுக் கட்டாகக் கிடந்த பழைய அரசாணைகளைப் படித்துப் படித்து அலுவலகத் தமிழைக் கற்றுக்கொண்டேன். கிராம சபைக்கு ஒரு வாரம் முன்பே மாதிரித் தீர்மானங்களை எழுதி, ஊர்ப்பெயர் வரும் இடத்தில் புள்ளி வைத்து, ஜெராக்ஸ் கடையில் கொடுத்துவிடுவேன். எல்லோரும் ஆளுக்கு ஒரு பிரதி வாங்கிப்போய்த் தங்கள் புத்தகத்தில் எழுதிக்கொள்வார்கள். ஒரு தடவை புள்ளி வைக்க மறந்துவிட்டேன். என் ஊர் மேல்நிலைத் தொட்டியைப் பழுது பார்க்க மூன்று ஊராட்சிகள் தீர்மானம் போட்டிருந்தன. “உன் டேங்கு இன்னா, மாவட்டத்துக்கே தண்ணி காட்டுதா?” என்று ஒரு மாதம் கேலி செய்தார்கள்.

என் மாதிரியில் எல்லாத் தீர்மானமும் ஒரே மாதிரிதான் முடியும்: ‘ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.’ “நம்ம புக்கைப் படிச்சவன் இந்தப் பக்கம் ஊர்ல சண்டையே இல்லன்னு பொண்ணு குடுக்க வந்துருவான்” என்று சோழவரத்திலிருந்து இங்கே வேலைக்கு வந்த ஒருவர் சொல்லுவார். சிரிப்போம். ஆனால் அப்படியேதான் எழுதினோம், அதுவும் கூட்டத்துக்கு முந்தின நாளே. கூட்டத்தன்று மைக் கட்டுவதும் ஆள் சேர்ப்பதுமே பெரிய பாடு. உட்கார்ந்து எழுத ஏது நேரம்?

அந்த அக்டோபர் இரண்டு கிராம சபைக்கும் கடைசி ஊர் அம்மா அப்படித்தான் செய்திருந்தார். கூட்டப் பொருள்களில் ஒன்று, காலனிக்குப் பின்னால் ஊர் மாடுகள் மேய்கிற பொது நிலமான மேய்க்காலில் ஒரு கம்பெனி வருவது பற்றியது. ‘ஊராட்சிக்கு ஆட்சேபனை இல்லை என ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது’ என்று முந்தின நாளே பேனா மையில் எழுதி முடித்துவிட்டார். காலனி ஜனங்கள் சுடுகாட்டுக்குப் போகிற வழி அந்த நிலத்தின் குறுக்கேதான் போகிறது என்பது அவருக்கும் தெரியும். எழுதும்போது அது நினைப்பில் வரவில்லை என்று என்னிடம் சொன்னார். என் மாதிரியைப் பார்த்து எழுதினால் யாருக்குமே எதுவும் நினைப்பில் வராது. அதற்காகத்தான் அந்த மாதிரியே.

மறுநாள் கூட்டத்தில் அவர் அந்தப் பொருளை வாசித்ததும் காலனிப் பெண்கள் எழுந்துவிட்டார்கள். ஷிப்டு முடிந்து நேராக வந்திருந்த ஒருத்தி, “செத்தா நாங்க கம்பெனி கேட்டாண்ட பாஸ் வாங்கிகினுதான் போவணுமா?” என்று கேட்டாளாம். கூட்டம் கலைந்த பிறகு ஊராட்சித் தலைவர் இவரிடம், “எய்தினது எய்தினதாவே இருக்கட்டும்மா. செவ்வாக்கிழமை நானே ஒன்றியத்தாண்ட வந்து கையெய்த்துப் போட்டுர்றேன். அப்டியே ஜெராக்ஸ் எடுத்து மேல குடுத்துரு” என்றிருக்கிறார்.

நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது அந்தச் செவ்வாயன்றுதான். தலைவர் பன்னிரண்டு மணிக்கு வருவதாக இருந்தது. அவர் கையெழுத்து விழுந்துவிட்டால், அதன்பின் அந்தப் பக்கத்தை யார் தொட்டாலும் குற்றம். கிழிக்கவும் முடியாது, புத்தகத்துக்குப் பக்க எண் உண்டு.

பெஞ்சில் இருந்த ஆறேழு பேரும் ஒரே யோசனைதான் சொன்னோம். “உட்ரும்மா. அவங்களைத் தனியா கலெக்டருக்கு மனு போடச் சொல்லு” என்றேன் நான். சோழவரத்துக்காரர் வெளிப்படையாகவே சொன்னார்: “அடிச்சுத் திருத்தினா அடுத்த மாசம் உன்னை நிறுத்தறதுக்குத் தீர்மானம் வரும். அதையும் உன்னியேதான் எய்தச் சொல்லுவான்.”

அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. எங்களை வேலையில் வைப்பதும் எடுப்பதும் அந்தப் புத்தகத்தில் விழும் இரண்டு வரிதான். அந்த அம்மாவின் புருஷனுக்கு ஒப்பந்த வேலை. ஒரு மாதம் இருக்கும், ஒரு மாதம் இருக்காது. பெண் பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தாள்.

“என்னை நிறுத்தறதையும் நானே எய்தறேன்” என்றார் அவர். “ஏகமனதான்னே எய்தறேன். எம் மனசு ஒண்ணுதானே.”

அவர் என் பக்கம் திரும்பினார்.

“பேஜாரு பண்ணாத நைனா. நீதான் எல்லாருக்கும் எய்திக் குடுக்கறவன். அந்தப் பொம்பளைங்க வாணாம்னாங்க. அதை எப்டி எய்தறது, சொல்லு.”

யோசித்துப் பார்த்தேன். பரிசீலிக்கலாம், ஒத்திவைக்கலாம், பதிவு செய்யலாம். அரசு கவனத்துக்குக் கொண்டுசெல்லலாம். எத்தனையோ கட்டுகளைப் புரட்டியிருக்கிறேன். நிறைவேறியதற்கு மட்டும் நூறு வாக்கியம் என் கையில் இருந்தது. வேண்டாம் என்று ஊர் சொன்னதை எழுத ஒரு வாக்கியத்தைக்கூட நான் எழுதிப் பழகியதில்லை. “அப்படி ஒண்ணும் மாதிரி கிடையாதும்மா” என்றேன். அப்போதுதான் ஆபீஸ் தமிழில் ஒரு வார்த்தைகூட இல்லையா என்று கேட்டார்.

டீக்கடைக்காரர் எதற்கோ ரேடியோவைக் குறைத்தார். மணி பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருந்தது.

அவர் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பையிலிருந்து ஸ்கேலை எடுத்து ‘ஆட்சேபனை இல்லை என ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது’ என்பதன் மேல் ஒரே ஒரு கோடு போட்டார், கீழே இருப்பது படிக்கத் தெரிகிற மாதிரி. திருத்தியது தான்தான் என்று தெரிய ஓரத்தில் சுருக்கொப்பம் இட்டார். அடுத்த வரியில், ‘ஜனங்கள் வேண்டாம் என்று சொன்னார்கள். சொன்னவர்கள்’ என்று எழுதினார். அதன் கீழே ஷிப்டிலிருந்து வந்தவளில் தொடங்கி ஒவ்வொருத்தியின் பெயரையும், பக்கத்திலேயே அவள் சொன்னதை அவள் சொன்ன மாதிரியே எழுதினார். நாலாவது பெயரை எழுதிக்கொண்டிருக்கும்போது தலைவரின் பைக் வந்து நின்றது. அந்த வரியை முடித்துவிட்டு, புத்தகத்தைத் தலைவர் பக்கம் திருப்பி வைத்து, பேனாவை நீட்டினார்.